பகுதி மாதம்

வரிக்கணக்குக்குக் கடைசி நாள்.
பாமணியில் தண்ணீர் வந்துவிட்டது,
மன்னார்குடியில் மின்சாரம் வரவில்லை.
இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறது,
மின்விசிறி ஓடவில்லை.
ஆடிட்டர் நடனசபாபதி உள்ளறையில் யாருக்கோ
பொறுமையாகக் கோபப்படுகிறார்.

ரிஸ்வானா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
மார்ச் பதினைந்துக்குள் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டுமாம்.
மார்ச் பதினைந்தில் நான்
எவருடைய கடைவாய்க்குள்ளோ குனிந்திருந்தேன்.

"அபராதமா?"
"அபராதம்னு சொல்லாதீங்க டாக்டர், வட்டி.
மார்ச்சுக்கு ஒண்ணு, ஏப்ரல்லேர்ந்து மாசாமாசம் ஒண்ணு.
மாசத்துல ஒரு நாள் பட்டாலும்
முழு மாசம்தான் கணக்கு."
இரண்டாயிரத்து நானூற்று முப்பது.
நியாயமாகத்தான் பட்டது.
அதுதான் உறுத்தியது.

செங்கமலத்தின் சம்பளத்தை எங்கே போட?
"போட இடமில்ல டாக்டர். பாதி வருமானம் செலவுன்னு
அவங்களே எடுத்துக்குறாங்க. வீட்டாள் அதுல வர மாட்டாங்க."
முன்கூடம் கிளினிக், பின்கட்டு வீடு.
ஒரே விளக்குமாறுதான்.
நோயாளிகள் செருப்பு விடும் இடம்வரை அவள் தொழில் செலவு,
திரைச்சீலை தாண்டினால்
எந்தப் படிவத்திலும் இல்லாதவள்.

பந்தலடியில் பூ வாங்கவில்லை, நேரே வந்தேன்.
மருந்துக் கம்பெனி கொடுத்த டைரியின் கடைசிப் பக்கம்.

தையிலிருந்து ஐந்நூறு கூட்டித் தருகிறேன் என்றது நான்.
கூட்டியது ஆடியில்.
ஆறு மாதம், மூவாயிரம்.
ஐப்பசி மழையில் மேலவாசலில் அவள் வீட்டுச் சுவர் விழ
வராமல் போன நாட்களுக்குப் பிடித்தது அறுநூறு.
அவளுக்கு மட்டும்
மாதத்தில் ஒரு நாள் குறைந்தாலும் முழு மாதமில்லை.
அந்தச் சட்டத்தை எழுதியது நான்தான்,
எந்த அரசிதழிலும் வராமல்.

நூற்றுக்கு ஒன்று, மாதத்துக்கு.
இருபத்துநாலு மாதம் ஒன்றுக்கு,
இருபத்தோரு மாதம் மற்றதற்கு.
எண்ணூற்று நாற்பத்தாறு வட்டி.
வரியைவிடச் சிறிய தொகை.
அதற்கு யாரும் குறுஞ்செய்தி அனுப்பியதில்லை,
இவ்வளவு நாளும் அது எனக்குக்
கடன் என்றே தெரியவில்லை.

செங்கமலம் மடவை மீன் அலசிக்கொண்டிருந்தாள்.
"என்ன இது?"
சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல்
ரிஸ்வானாவுடையதாக மாறிக்கொண்டே போனது.

கை துடைத்துக்கொண்டு எண்ணினாள், இரண்டு தரம்.
"மக காலேஜுக்கு ஆயிரம் அட்வான்சு வாங்கியிருக்கேனே,
அதக் கழிக்கலியா?"
எனக்கு மறந்திருந்தது.
அரசாங்கம் என்னிடம் கேட்பதும் அட்வான்ஸ்,
அவள் என்னிடம் கேட்டதும் அட்வான்ஸ்.
நான் கொடுக்க மறந்தேன், அவள் வாங்கியதை மறக்கவில்லை.

"அது இருக்கட்டும்" என்றேன்.
"இருக்க வேணாம், கழிங்க."
பத்து ஐந்நூறு தாளில் இரண்டை
மீன் வாசத்தோடு மேசையில் வைத்தாள்.

பிறகு அலமாரிக் கதவைத் திறந்தாள்.
உட்புறம், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால்,
பென்சில் கோடுகள். எட்டு வருடமாக
நான் உப்பெடுக்கத் திறக்கும் கதவு.

"மழைக்கு நீங்க புடிச்சது மூணு நாளில்ல டாக்டரம்மா,
மூணர.
நாலாம் நாளு மத்தியானம் வந்துட்டேன்.
ரோட்டுல முழங்கா தண்ணி."

டைரியை மறுபடி விரித்தேன்.
நாளில் ஒரு மணி பட்டாலும்
முழு நாள் என்று எழுதலாமா?
எழுதினால் இதற்கு முந்தைய எல்லா அரை நாளும்
வரிசையில் வந்து நிற்கும்.

கதவை அவள் மூடவில்லை.
முன்கூடத்தில் யாரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
"டாக்டர் இருக்காங்களா" என்கிறார்.
பேனா மூடியை வாயில் கடித்தபடி
எட்டு வருடத்தின் முதல் கோட்டைத் தேடுகிறேன்.