தோழி 2

சாலிகிராமம், இரண்டாவது மாடி.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
ஏசி குளிருக்குள் நுழைகிறோம்
நானும் ஜெசிந்தாவும்.
குரல் கொடுப்பதற்கு.

இன்று அவள் பாலில் நான் எதையோ கலக்க வேண்டும்.
தாளில் எனக்குப் பெயரில்லை,
'தோழி 2'.
தோழி 1 போன மாதம்
நாயகியின் கணவன்மேல் ஆசைப்பட்டு,
திருந்தி,
செத்துப்போனாள்.

திரையில் வாயசைக்கும் பெண்ணுக்குத் தமிழ் வராது.
கண்ணில் நீர் கோத்துக்கொண்டு
ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை
தன் மொழியில் எண்ணுகிறாள்.
பதினொன்றில் உதடு துடிக்கிறது.
அந்தப் பதினொன்றின் மேல்தான் நான்
"உன் வாழ்க்கை எனக்கு வேணும்டி"யை
ஒட்டவேண்டும்.

அறை விழும் இடத்தில்
ஜெசிந்தா தன் உள்ளங்கையில் தானே அடித்துக்கொள்கிறாள்.
நான் மூச்சை இழுக்கிறேன்.
"இன்னும் கொஞ்சம் விஷம் வேணும்மா"
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
ஒன்பது டேக்.
ஆறாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு,
பிறகு நிறுத்த முடியவில்லை.
அதை அழித்துவிட்டார்கள்.

இடைவேளையில் அவள் ஃபிளாஸ்க் மூடியில்
சுக்குத் தண்ணீர். எனக்கு முதலில்.

கர்ப்பப்பையை எடுத்தபோது
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மூன்று இரவு
என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள்.
என்ன பேசினோம்?
மழை. கொசு. மீன் விலை.
அவள் பத்தாவதில் கணக்கில் வாங்கிய தொண்ணூற்றாறு.
ராயபுரத்துக் கடலில் அவள் மட்டும்
ஒருமுறை நீந்திப் போன தூரம்.
எங்கள் புருஷன்மார்களை
மூன்று இரவும் மறந்தே போனோம்.
இதை ஒருநாள் கதை இலாகாவில் சொன்னேன்.
"நல்லாருக்கு, ஆனா எபிசோடு நகராதே."

கோடம்பாக்கம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ.
எதிர்சீட்டில் கீரைக்கட்டோடு ஒரு அம்மா
என் "கொஞ்சம் தள்ளிக்குங்க"வைக் கேட்டு நிமிர்ந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த
ஜெசிந்தாவைப் பார்த்தாள்.
அவள் காதருகே குனிந்து,
"பாத்து இரு கண்ணு.
இவ ஒன்பதரை மணிக்கு உன் பாலுல..."

ஜெசிந்தா நாயகியின் குரலை எடுத்தாள்,
அந்த நடுக்கம், அந்தக் கண்ணீர்:
"தெரியும்க்கா. ஆனா இவ எனக்கு
ஆயிரத்து இருநூறு தரணும்.
அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆட்டோ நின்றது.
இறங்கும்போது சொந்தக் குரலில்,
கரகரப்பாக, கொஞ்சம் தொண்டைக் கட்டோடு கேட்டாள்:
"சில்லறை இருக்கா, திலகவதி?"