ஏழு கிலோ

ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் வந்த பெட்டிக்குள்
பால்பவுடர், டார்ச், கோடாலித் தைலம்,
நடுவில்
கால் இல்லாத ஒரு நாற்காலி.

அவர் வீடியோவில் சொல்லச் சொல்ல
நான் காருக்குள் மண்டியிட்டிருந்தேன்.
பின் சீட்டில் வை. முன்னால் ஏர்பேக் இருக்கிறது, வேண்டாம்.
முகம் பின்கண்ணாடியைப் பார்க்கட்டும்.
முழங்காலால் அமுக்கிக்கொண்டே பெல்ட்டை இழு.
பிடித்து ஆட்டிப் பார்.
ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால்
அவிழ்த்து மறுபடி.

நான்கு மறுபடி.
பக்கவாட்டில் ஒரு குமிழி,
கொத்தனார் ரசமட்டத்தில் இருக்குமே, அது.
அது கோட்டுக்குள் வந்து நின்றபோது
அங்கே இஷாவுக்கு நேரமாகியிருந்தது.

கூத்தாநல்லூரில் கேட்காதவர் இல்லை.
பிள்ளையைக் கட்டிப்போட்டா கொண்டுபோவாய்?
பின்னோக்கிப் போனால் தலை சுற்றாதா?
நாத்தனார் ஷம்ஷாத் மட்டும்
கேள்வியாகக் கேட்கவில்லை.
"மடி இருக்கிறப்ப
பிளாஸ்டிக்கு எதுக்கு மச்சி" என்றாள்.

மாசிப் பனி. கும்பகோணத்தில் தடுப்பூசி.
மூத்தவள் வீட்டுக்கென்று
கொல்லையில் காய்த்த பரங்கிக்காயோடு
ஷம்ஷாத் முன்னால் ஏறினாள்.
கடைத் தராசில் போட்டுப் பார்த்தாளாம், ஏழு கிலோ.
டிக்கியில் வை என்றேன்.
காம்பு ஒடிந்தால் அழுகிவிடும் என்று
மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் ஸுமையாவின் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
பட்டைக்கு அடியில் பஞ்சு கூடாது;
பூட்டிய பிறகு மேலே போர்த்தினேன்.
தோள்பட்டையில் கிள்ளிப் பார்த்தேன்,
விரலுக்கு மடிப்பு சிக்கவில்லை.
மூணாறு தலைப்பில்
ஒரு வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
இங்கே ஐந்து வாய்க்கால் ஓடிவந்து
இவள் அடிவயிற்றில்
ஒரே மதகில் அடைபடுகின்றன.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
அது எப்போது திறந்திருந்தது?
நெல் ஏற்றிய சரக்கு ரயில், எண்ண முடியாத வேகன்கள்.
முதலில் சிணுங்கல், பிறகு அலறல்.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் கண்ணாடியைத் தட்டினார்:
"தூக்கும்மா புள்ளைய."
நின்ற வண்டிதானே.
என்ஜினை அணைத்து, அவிழ்த்து, பால் கொடுத்தேன்.
அவ்வளவு பிடிவாதக்காரி இல்லை நானும்.

கேட் ஏறியதும்
மறுபடி ஐந்து பட்டை, மறுபடி கிள்ளல்.
பின்னால் அத்தனை ஹாரன்.
எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை
யாரோ வைதார்கள்.
"கொஞ்ச தூரம்தானே, இப்படிக் கொடேன்,"
ஷம்ஷாத் ஒரு கையை நீட்டினாள்.
மறு கை பரங்கிக்காய் மேல்.

பாதிச் சாலையில் நெல் காய்ந்தது.
அதன் ஓரத்தில் காவலுக்குக் கருங்கற்கள்.
எதிரே பஸ்.
அப்போதுதான் வயலிலிருந்து வாத்துகள் ஏறின,
முந்நூறோ நானூறோ,
கூட்டம் கலைந்த பஞ்சாயத்துப் போல
எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு.

பிரேக்.
டயர் நெல்லில் வழுக்கி
கல்லில் ஏறி
இறங்கி
நின்றது.

ஷம்ஷாத் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.
இரண்டு கையாலும். நான் பார்த்தேன்.
பரங்கிக்காய் டேஷ்போர்டில் பிளந்து
கண்ணாடி முழுக்க மஞ்சள் நார்.

பின்னால் சத்தமே இல்லை.
திரும்பினால் நாற்காலியின் முதுகுதான் தெரிகிறது.
இறங்கி ஓடி
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே மறந்து
திறந்தேன்.

சிதறிப் பின்பக்கம் ஓடி
நெல்லைக் கொத்தத் தொடங்கிவிட்ட வாத்துகளை
ஸுமையா
வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்துக்காரர் எண்ணி முடித்து
"ஒண்ணும் குறையல" என்றார்.
ஷம்ஷாத் தன் கைகளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கும்பகோணம் வரை அவள் பேசவில்லை.
நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.
கிளினிக்கில் நர்ஸ் தராசைப் பார்த்து
உரக்கச் சொல்லி எழுதினாள்:
ஏழு கிலோ.

திரும்பும்போது பட்டையைப் பூட்டியது அவள்தான்.
இரண்டு தோளிலும் கிள்ளிப் பார்த்து
"இன்னும் கொஞ்சம் இழு மச்சி" என்றாள்.

போன வாரம் உறையைத் துவைக்கக் கழற்றினேன்.
பூட்டுக்குள் ஒரு பரங்கி விதை,
அவள் விரலில் ஒட்டி வந்திருக்கும்.
இத்தனை நாள்
இதை வைத்துக்கொண்டா பூட்டினோம்?
ஊசியால் நெம்பி எடுத்து
ஊதிவிட்டு
அழுத்தினேன்.

டக்.

இன்னொரு தடவை.