வலப்பக்கப் பள்ளம்

காத்தான்குடிப் பழைய இரும்புக்கடையில்
முக்தார் காக்கா
தராசில் போடாமல்
கண்ணாலேயே நிறுத்துத் தந்த கல்.
முந்நூறு ரூபா.
யாருடையது என்று கேட்டேன்.
"சாக்கில வந்தது தங்கச்சி,
சாக்குக்கு வாயில்லை."

ஆரையம்பதிப் பட்டறையில்
மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் இரண்டு நாள் கிடந்தது.
பழைய பல்துலக்கியால் உரசினேன்.
கறுப்பு, மஞ்சள், பிறகும் மஞ்சள்.
தேங்காயெண்ணெய் விட்டே தீட்டியிருக்கிறான் மனிசன்.
தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது,
பொரியலுக்கு நல்லது,
கல்லின் கண்ணுக்குள் போனால் பிசினாகி
உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொள்ளும்.
தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டு.
அதற்குமேல் கல் கேட்பதில்லை.

மூன்றாம் நாள்
இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்தேன்.
அடியில் வெளிச்சம்.
நடுவில் பள்ளமென்றால் எந்தக் கல்லிலும் இருக்கும்.
இது வலப்பக்கம் சாய்ந்து
மேல் முனைக்குப் போகப் போக ஆழம்.

இடக்கையனோ.
ஒரு தோள் பாரமாய் விழுந்து நின்றவனோ.
பள்ளத்தின் அகலம் முக்கால் அங்குலம்,
அகல உளி அவனிடம் இருந்திருக்காது.
அந்த ஒற்றை உளியோடு
எத்தனை கதவுக்குப் பிணைச்சல் இறக்கினானோ.
கல்லை விற்றானா,
விட்டுவிட்டு ஓடினானா.

தடித்த கண்ணாடித் துண்டொன்றில்
கறுப்பு சாண்ட்பேப்பரை ஒட்டினேன்.
கல்லின் முகமெங்கும்
குறுக்கும் மறுக்குமாய்ப் பென்சில் கோடு.
சவர்க்காரத் தண்ணீர் தெளித்துத் தேய்க்க
மேட்டுக் கோடுகள் முதலில் போயின.
பள்ளத்துக் கோடுகள் அப்படியே கிடந்தன,
தொடமாட்டேன் என்பதுபோல.
மறுபடி கோடு. மறுபடி தேய்.
நாலாம் முறை
கை தானாக நின்றது.
பெயர் தெரியாத ஒருவனை
அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு சீவுளி அலகு ஞாபகம் வந்தது.
இரண்டேகால் அங்குலம்.
இந்தப் பள்ளத்தில் தீட்டினால் விளிம்பு வயிறு தள்ளும்,
சியாமளாதேவி ரீச்சரின் முதிரை மேசையில்
ஓடை ஓடையாய்த் தடம் விழும்.
மேசைக்கு முற்பணம் தந்தவளிடம்
அவன் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது.
தேய்த்தேன்.
மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று.
அடிமட்டத்தின் கீழே
வெளிச்சம் நுழைய இடமில்லை.

மிஞ்சிய முதிரைத் துண்டைக் குடைந்து பெட்டி.
இந்தக் கரையில் காற்று வெறுங்கையோடு வராது,
ஒரு குறுமணல் போதும்
உளியின் முகத்தில் நகக்கீறல் போட.
மூடியை இறுக்கவில்லை.
மாரிக்கு மரம் ஊதும், கல் ஊதாது.
ஒரு கடதாசிப் பருமன் விட்டேன்.

தண்ணீர்க்கல்லின் குணம் வேறு.
போன கச்சான் காலத்தில்
ஊறிய கல்லை வெயிலில் வைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
திரும்பி வர இரண்டாய்க் கிடந்தது.
அதற்கு முந்திய வருசம்
ஈரத்தோடு சொப்பிங் பையில் சுற்றிவைத்து
பச்சைப் பூஞ்சணம் வளர்த்தவளும் நான்தான்.
இப்போது நிழலில், சலாகை இரண்டின் மேல்,
அடியிலும் காற்றுப் போக.

பிளந்த பாதி வீணாகவில்லை.
ஞாயிறு விடிய மீன்காரக் கிருபைராசா வருவான்.
"அக்கா, கல்லு ஒண்டு தாங்க,
கத்தி மொட்டையாப் போச்சு."
கண் மட்டும் முதிரைப் பெட்டியில்.
"அது சும்மா பெட்டி" என்பேன்.
பாதிக் கல் திரும்பி வரும்போது
பாரைச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும்.
சிலநேரம் நாலு கீரியும் வரும், பையில்.

நேற்று மேசையை ஏற்றி அனுப்பிவிட்டு
சும்மாதான் அடிமட்டத்தை எடுத்தேன்.
வெளிச்சம்.
மயிரிழைதான்,
ஆனால் இடப்பக்கம்,
கீழ் முனையில்.
ஆஸ்பத்திரிச் சந்தியில் சைக்கிளோடு விழுந்ததிலிருந்து
வலது முழங்கையை
நான் ஒதுக்கியே வைத்திருக்கிறேனாம்.
கல் சொல்லித்தான் தெரிகிறது.

பென்சிலைத் தேடினேன்.
காதிலிருந்தது.