மூன்றாம் கியருக்கு முன்

இருபது வயது தாண்டிய சத்ரியா.
பச்சை நிறம். கூரையில் மட்டும் வெளுத்து
பாசி காய்ந்த தண்ணீர்த் தொட்டி மாதிரி.
பதினெட்டாயிரம் வெள்ளி:
போனஸ், கூட்டு எடுத்த காசு, விற்ற ஒரு வளையல்.
"இந்தக் காசுக்கு நல்ல மைவி ஒன்று
வாங்கியிருக்கலாமே" என்றார்கள்.
வாங்கியிருக்கலாம்தான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் ஆஸ்பத்திரிக்கு
தினம் போக வர முப்பத்தாறு கிலோமீட்டர்.
லேப்பில் ரத்தக் குழாய்களை இயந்திரம் சுழற்றும்போது
எண்ணைப் பார்க்காமலே சொல்வேன்
நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று என்று.
காது அப்படிப் பழகிவிட்டது.

தோட்டத்துச் சாலையில் ஒன்பது மேடு.
ஒவ்வொன்றிலும் சாய்வாக ஏறுவேன்,
சம்மணமிட்டவர் எழுந்திருப்பது போல
முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம்.
ஐந்தாவதில் மட்டும்
எப்படிப் போனாலும் வயிறு உரசும்.
அந்தச் சத்தத்துக்கு லயத்துப் பசங்க ஓடிவந்து
"ரேஸ் அக்கா போறாங்கடா!" என்பார்கள்.
நான் பத்தில் போய்க்கொண்டிருப்பேன்.

செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால்
பதினோரு நிமிடம்.
நூற்றுச் சொச்சம் குதிரைகள்
அதன் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டு நடக்கின்றன.
ஒரு பழம் உருண்டு விழுந்து
பானட்டைத் தட்டுகிறது
தவணை கேட்க வந்தவன் போல.

இரண்டே கதவு.
நவநீதா தினமும் முன்சீட்டை மடக்கி
சாப்பாட்டுப் பெட்டியை முதலில் அனுப்பிவிட்டு
குகைக்குள் போவது போலத் தவழ்வாள்.
ரொஹானாவுக்கு முன்சீட்டு, அவளுக்கு முழங்கால் வலி.
என் இருக்கையின் வலது ஓரம் கிழிந்திருக்கிறது.
எனக்கு முன் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும்
அந்த ஒரே இடத்தில் உரசியிருக்கிறார்கள்.

ஆடியில் கோயில் கூழுக்கு
நாற்பது தேங்காய் ஏற்றி வந்தேன்.
வளைவில் அவை மொத்தமாக ஒரு பக்கம் உருண்டன.
வேகமுள் பொய் சொல்லும், தேங்காய் சொல்லாது.

சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் குனிந்து
புகைக்குழாயைப் பார்த்தார்.
"மாற்றியதா?"
"இல்லை சார், ஓட்டை."
சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னார்.
அந்த ஓட்டைக்கு நூற்றைம்பது.
டைமிங் பெல்ட்டுக்கு எவ்வளவு என்று
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் விடிகாலை ஐந்தே முக்கால்.
பாலத்துக்கு அப்புறம் நேர் ரோடு,
லாரிகள் இன்னும் வெளியே வராத நேரம்.
நவநீதாவுக்கு விடுமுறை, ரொஹானா மகள் வீட்டில்.
இரண்டாவது கியர்.
முள் ஐயாயிரம் தாண்டும்போது
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போல
அடிவயிற்றில் ஒரு சின்ன இறக்கம்.
அங்கே மூன்றுக்கு அவசரப்படக் கூடாது.
இயந்திரம் சூடாகும்வரை
ஒரு மூச்சு பொறுக்க வேண்டும்.
இல்லையென்றால் பற்களைக் கடித்துக் காட்டும்.
இதைக் கற்க எனக்கு மூன்று மாதம் ஆனது.
யாருக்கும் சொன்னதில்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

போன வியாழன், எண்ணெய் நிலையம்.
பக்கத்து வரிசையில் பெரிய வேன்,
பின்னால் மூன்று பிள்ளைகள், ஒன்று அழுகிறது.
ஓட்டி வந்த சீனர்
என் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது என் கார்," என்றார் மலாயில்.
பிறகு, "முன்னால்."
ஒருமுறை ஸ்டார்ட் பண்ணுவீர்களா என்று கேட்டார்.
பண்ணினேன்.
வெளுத்த கூரைமேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.
அழுத பிள்ளை கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டது,
அவர் திரும்பவில்லை.

பிறகு மூன்று விரலை உயர்த்தி
புருவத்தால் கேட்டார்.
நான் மூச்சை இழுத்து
நிறுத்தி
விட்டேன்.
கடைவாயில் தங்கப்பல் தெரியச் சிரித்தார்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
அவருடைய வேன் ஆட்டோ கியர்.
சிக்னல் வரை பின்னாலேயே போனேன்.
பச்சை விழுந்தது,
வேன் உடனே நகரவில்லை.