வாசற்படிக்கு மேல் பதினொன்றரை மீட்டர்

நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் வரிசையில்
தூவா நின்றுவிட்டாள்.

அதுவரை வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.
அட்சம், தீர்க்கம், பொருள், வயது,
வயதின் பிழை, உயரம், உயரத்தின் பிழை.
காலையில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போய்
ஹட்சன் விரிகுடாச் சிப்பிகள் அத்தனையும்
சைபீரியக் காட்டில் கிடந்தன.
ஒரே தட்டலில்
கரைக்குத் திருப்பி அனுப்பினாள்.

இது அப்படியல்ல.
ஹென்னிங் ரோய் என்றொருவர்
ஐம்பத்தெட்டாம் வருஷம்
ஒரு குட்டையின் அடியிலிருந்து
ஒரு கரண்டிச் சேறு எடுத்திருக்கிறார்.
உப்புநீர்ப் பாசி முடிந்து
நன்னீர்ப் பாசி தொடங்கும் விரற்கடைக் கோடு.
அன்றைக்குத்தான் கடல்
அந்தக் குட்டையைக் கைவிட்டுப் போனது.
வயது தெளிவு: ஆயிரத்து முந்நூறு,
நூற்றுப்பத்து முன்பின்.
உயரம்:
'அல்ஃபோன்ஸின் படகுக் கொட்டகை
வாசற்படிக்கு மேல் பதினொன்றரை மீட்டர்.'
அவ்வளவுதான். பென்சிலில்.

எந்த அல்ஃபோன்ஸ்?

வாசா நகரிலிருந்து பாலம் கடந்து
முக்கால் மணி நேரம் ஓட்டினாள்.
அந்தக் கரையில் நிலம் எழும்புகிறது,
வருஷத்துக்கு ஒரு சுண்டுவிரல் நகம்.
கடல்கோள் என்றொரு சொல் உண்டு நம்மிடம்;
கடலிடமிருந்து கரை கொள்வதற்குச் சொல் இல்லை.
அவர்களிடம் அதற்குச் சட்டமே உண்டு:
புதிதாய் முளைத்த நிலம் ஊர்ப் பொது,
பட்டா யார் பெயரிலும் ஏறாது.

மீனவர் சங்கத்தில் கேட்டு,
பூட்டிய பால்பண்ணையின் பக்கத்து வீட்டில் கேட்டுக்
கொட்டகையைக் கண்டுபிடித்தபோது
அது புல்வெளி நடுவில் நின்றது.
கதவு பார்த்த திசையில் தண்ணீர் இல்லை.
பிர்ச் மரங்கள், ஒரு கால்பந்து வலை.
உள்ளே படகும் இல்லை,
பனியில் ஓட்டும் வண்டிகள் இரண்டு.

யேர்கெர் வெளியே வந்தான், கையெல்லாம் கிரீஸ்.
"வாசற்படியா? அதைப் பெயர்த்து
சவுனாவுக்குப் போட்டாச்சு.
இங்கே கான்கிரீட்."
எப்போது?
"மூத்தவன் பிறந்த வருஷம்.
இல்லை, அதற்கடுத்தது."

சவுனா வாசலில் கிடந்தது கல்,
நடுவில் தேய்ந்து, ஈரமாய்.
தூவா அதன்மேல் உட்கார்ந்தாள்.
இனி உட்காரத்தான் ஆகும் அது.

இதே இடத்தில், தலைக்கு மேல்,
கிலோமீட்டர் கணக்கில் பனி கிடந்தது ஒரு காலம்.
தான் எவ்வளவு உயரம் என்று
பனி எங்கும் எழுதிவைக்கவில்லை.
அமுங்கிய நிலம் இன்னும் நிமிர்கிறதே,
அந்த நிமிர்வை வைத்துத்தான்
போன பனியின் எடையைப் போடுகிறார்கள்.
மெத்தையின் பள்ளத்தைப் பார்த்து
எழுந்துபோனவர் எத்தனை கிலோ என்பதுபோல.
பள்ளத்தை அளக்க வாசற்படி வேண்டும்.

பழைய கதவு பின்சுவரில் சாய்ந்திருந்தது.
சட்டத்தில் கீல் முளைகள் மட்டும்
துருவேறி, இடம் மாறாமல்.
கீலிலிருந்து கதவின் அடிவரை எத்தனையோ,
முளையிலிருந்து அத்தனை கீழே வாசற்படி.
ஆனால் கதவின் அடியை எலி தின்றிருக்கிறது.

டேப்பின் மறுமுனையை யேர்கெர் பிடித்தான்.
"எவ்வளவு தப்பும்?"
"ஒரு சாண். கூடவே வைத்துக்கொள்வோம்."
"ஒரு சாணுக்கா இத்தனை தூரம் வந்தாய்?"
அவள் பதில் சொல்லவில்லை,
எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள்.
ஐம்பத்தெட்டிலிருந்து கொட்டகையும்
முழங்கால் உயரம் எழுந்திருக்கிறது;
அதையும் கழிக்க வேண்டும்.
கிளம்பும்போது
புகைபோட்ட மீன் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.
கார் இரண்டு நாள் நாறியது.

குறிப்புப் பத்தியில்
இத்தனை எழுத்துதான் என்று கணக்கு உண்டு.
தெரிந்தும் எழுதினாள்:
'வாசற்படி இடம் மாறிவிட்டது.
கீல் முளையிலிருந்து, பழைய கதவைக் கொண்டு அளந்தது.
கதவின் அடி சேதம், அளவு தெரியாது.
டேப் பிடித்தவர் யேர்கெர், அல்ஃபோன்ஸின் பேரன்.
கல் இப்போது சவு'

நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
பார்படோஸ். பவளம்.