இடது காலுக்கு வேலையில்லை

முழங்காலைத் திறந்து மூடிய டாக்டர்
சாரதா காலேஜ் ரோட்டு மாடியில் சொன்னார்:
"கிளட்ச் மட்டும் வேண்டாம் மேடம், ஆறு மாசத்துக்கு.
மண்டியும் போடாதீங்க."
மண்டி போடும் பழக்கம் எனக்கு முன்பே இல்லை.

ஆகவே அடிவாரம் செக்போஸ்ட்டில்
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
நசீமாவும் நானும் சாவி மாற்றிக்கொண்டோம்.
என் சிவப்பு அவளுக்கு:
ஆறு கியர், தேய்ந்து பளபளக்கும் குமிழ்,
இரண்டாவதுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன முரண்டு.
அவளுடைய சாம்பல் எனக்கு:
ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு காதுகள்,
இடது காதில் கழித்தல், வலது காதில் கூட்டல்.
"சுண்டினாப் போதும். திருகாதே,
அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை."
பாதி ஆட்டோமேட்டிக் என்றால்
எந்தப் பாதி என்று கேட்டேன்.
"உனக்குப் பிடிக்காத பாதி."

முதல் வளைவில் சுண்டினேன்.
நினைத்து முடிப்பதற்குள் நடந்துவிட்டது.

நான்காவது கொண்டை ஊசியில்
கைகள் குறுக்கே பின்னிக்கொண்டன,
ஸ்டியரிங்கோடு காதுகளும் சுற்றிவிட்டன.
கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினேன்.
வண்டி ஒருமுறை இருமியது,
பிறகு தானாகவே இரண்டாவதுக்கு இறங்கிக்கொண்டது,
என் கணக்கைத் திருத்தி.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
டச் பார்க்கும் குப்புராம்கூட
என்னை இவ்வளவு அமைதியாகத் திருத்தியதில்லை.

ஒன்பதாவதில் காபி மூட்டை லாரி ஒன்று
தன் வளைவையும் என் வளைவையும்
சேர்த்தே எடுத்துக்கொண்டு இறங்கியது.
என் இடது கால், பதினோரு வருடப் பழக்கத்தில்,
டாக்டரை மறந்து,
இல்லாத கிளட்சை முழு பலத்தோடு மிதித்தது.
அங்கே இருந்தது பிரேக்.
நான் பெல்ட்டில் தொங்கினேன்.
பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி
என் வம்சத்தின் லைசென்ஸ் அத்தனையும் ரத்து செய்தார்.
லாரிக்காரர் மட்டும் கும்பிட்டுப் போனார்,
வழிவிட்டேன் என்று நினைத்து.

பதினான்குக்கு மேல் பனிமூட்டம்.
சில்வர் ஓக்குகளுக்கு இடுப்புக்கு மேல் எதுவும் இல்லை.
அங்கேதான் தெரிந்தது எது குறைகிறதென்று.
கியர் இல்லை.
இரண்டாவதை விட்டபின்
மூன்றாவதைப் பிடிக்குமுன்
எதிலும் இல்லாமல் ஒரு கணம் இருப்போமே, அது.
எஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்,
நடுவில் என் உள்ளங்கை.
அந்த நியூட்ரலில்
பேங்க் மேனேஜருக்குப் பதில் கிடைத்திருக்கிறது.
ஒரு கல்யாணம் வேண்டாமென்று தெரிந்திருக்கிறது.
இந்த வண்டியிலும் அது உண்டு,
சுண்டும்போது தலை லேசாக முன்னாடுகிறதே, அதுதான்.
ஆனால் என் கைக்கு வருவதில்லை.
யாரோ எனக்காக அங்கே போய்
உடனே திரும்பிவிடுகிறார்கள்.

ஏரிக்கரை டீக்கடைக்கு நசீமா வந்தபோது
எனக்கு இரண்டாவது டீ.
அவளுக்கு முன்னால் வந்தது கருகிய கிளட்ச் வாசனை.
"ஏழு தடவை நின்னுபோச்சுடி.
எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செய்யணும் உன் வண்டிக்கு.
ஆனா பதினெட்டுல ஒரு தடவை
சரியா விழுந்துச்சு பாரு..."
அப்புறம் பேசவில்லை.
ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

இறங்கும்போது உண்மையைச் சொல்லவேண்டும்.
இடது காதைச் சுண்டச் சுண்ட
அதுவே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி
மூன்றிலிருந்து இரண்டுக்குக் குலுங்காமல் இறங்கியது.
குதிகாலும் கட்டைவிரலுமாய் நான் பழகி
சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாய்த்த வித்தை.
அது எல்லா வளைவிலும் செய்தது, புதன்கிழமையில்.
பொறாமைப்பட்டேன்.

ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிறவள் நான்.
பெடலில் மாட்டுமென்று இடதில் போட்டதில்லை,
ஒற்றையாய் எதற்கென்று வலதிலும் இல்லை.
மேக்னசைட் மேடுகள் வெள்ளையாய்த் தெரியத் தொடங்கியபோது
அந்தக் கால் மிதியடிமேல் சும்மா கிடந்து
விரல்களைச் சுருக்கிச் சுருக்கி விரித்தது.

அடிவாரத்தில் நசீமா கேட்டாள்,
டாக்டர் எத்தனை மாசம் சொன்னாரென்று.
எட்டு என்றேன்.
அவளும் சரிபார்க்கவில்லை.