ஆறாம் நாள் மதிப்பெண்

லிஸ்பனில் முதல் டிராம் மேடேறும் சத்தம்
இந்த நிலவறைக்கு வராது.
இங்கே விளக்குதான் விடியும்,
ஏழு மணிக்கு, தானாக.
அதற்குள் நான் கையுறை மாட்டியிருக்க வேண்டும்.

கூண்டு பதினொன்று. ஐந்து கறுப்பு எலிகள்.
ஊசி போட்டு ஆறாம் நாள்.
ஒவ்வொன்றாய் எடுத்து
மல்லாக்கக் கிடத்துவேன்.
சட்டென்று புரண்டால் பூஜ்யம்.
தடுமாறி எழுந்தால் இரண்டு.
நான்கு என்றால்
நான் காத்திருக்கக் கூடாது;
அதற்கென ஒரு பெட்டி, ஒரு குழாய்,
என் கையெழுத்து: ஒலிந்தா.

"நாங்களும் மதிப்பெண் போடுவோம்"
என்றார் டாக்டர் மகுவானே.
நம்புலாவிலிருந்து வந்தவர்,
மேல்கோட்டைக் கழற்றாமலே நிற்கிறார்.
"விரல் முட்டியால் நெஞ்செலும்பைத் தேய்ப்போம்.
பிள்ளையின் கை தேடிவந்து தட்டிவிட்டால் இரண்டு.
சரியாய் அழுதால் இரண்டு.
அம்மாவின் முகத்தோடு கண் போனால் ஒன்று.
மொத்தம் ஐந்து."

அவர் கொண்டுவந்த பெட்டியில்
கண்ணாடித் தகடுகள்,
பெயர் இல்லை, வயது மட்டும்.
மூன்று. ஒன்றரை. நான்கு.
பெற்றவர்கள் சரி என்று சொன்ன பிறகு
எடுக்கப்பட்டவை.

நுண்ணோக்கியில் பார்த்தோம்.
பிள்ளையின் மூளை நாளத்தில்
கிருமி ஏறிய சிவப்பணுக்கள்
சுவரைப் பிடித்துத் தொங்கின,
கடைசிப் பேருந்தில் போல, நகர இடமின்றி.
என் எலியின் நாளத்தில்
பெரும்பாலும் வெள்ளையணுக்கள்,
காப்பாற்ற வந்து
வாசலை அடைத்துக்கொண்ட கூட்டம்.
தகட்டை மாற்றி மாற்றி வைத்தார்.
எனக்கே ஏதோ கூச்சமாக இருந்தது.

முன்பு ஒரு மருந்து.
நாற்பது எலிக்கு நாற்பதும் பிழைத்தன.
மாடியில் கேக் வெட்டினோம், எனக்கும் ஒரு துண்டு.
அதைச் சொன்னேன்.
"அது எங்கள் வார்டுக்கு வந்தபோது
இரவுப் பணியில் நான்தான் இருந்தேன்" என்றார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

இந்தக் கிருமி எலிக்கே உரியது.
கட்டாங்காக் காட்டில்
புதர் எலி ஒன்றின் ரத்தத்தில் கிடைத்தது.
அங்கே அந்த எலி
இதைச் சுமந்துகொண்டே கிளையேறும்,
குட்டி போடும்.
நாங்கள் வளர்த்த கறுப்பு எலிக்குத்தான்
ஆறாம் நாள்.

இன்று முதல் எலி மூன்று.
இரண்டாவது நான்கு; பெட்டி, குழாய், கையெழுத்து.
அடுத்த இரண்டும் அப்படியே.
ஐந்தாவது
கிடத்தும் முன்பே புரண்டது.
திரும்பக் கிடத்தினேன். திரும்பவும்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
கணக்கில் இதை
விலகல் என்று தள்ளிவிடுவார்கள்.

மகுவானே குனிந்தார்.
அதன் முகத்துக்கு நேரே
சுட்டுவிரலை மெல்ல
இடமிருந்து வலமாக நகர்த்தினார்,
வார்டில் செய்வதுபோல.
மீசை நடுங்க
எலியின் தலை கூடவே திரும்பியது.

என் பேனாவை வாங்கி
படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
ஒன்று என்று எழுதினார்.

அப்போது விளக்கு எரிந்தது.